சிறப்புரையாளர் ர. மீராசா

“பெல் அடிக்கிது. அந்தப் பெட்டி பேசுறத நிறுத்து புள்ள!” என்று அடித்தொண்டையில் சொன்ன உம்மா ருக்கையா, பதிலுக்கு நிற்காமல் உள்ளறைக் கதவைச் சாத்தினாள். வெளியே சாவி திரும்பியது.

ரம்ஸியா கணினியின் ஒலியை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். ஒன்பது வயதில் வந்த அம்மை அவளுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோயிருந்தது. இப்போது இருபத்தேழு. வாப்பா மௌத்தான பிறகு காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் ரிபாய் உம்மாவையும் தங்கைகள் இருவரையும் கீழக்கரையிலிருந்து பஹ்ரைனுக்கு, ஈசா டவுனில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். இங்கே வந்தபிறகுதான், திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அவளுக்கு அறிமுகமானது. விலை கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்; கட்டற்ற மென்பொருள் என்பார்கள். ஆனால் அதன் தமிழ், கேட்கச் சகிக்காது. ‘தம்பி’யை ‘தம்ப்பி’ என்றது. ‘தங்கம்’ அதன் வாயில் ‘தங்க்கம்’ ஆனது. எந்த எழுத்து எங்கே வந்தால் எப்படி ஒலிக்க வேண்டும் என்று மூன்று வருடம் உட்கார்ந்து விதி எழுதி, அதற்குத் தமிழ் பேசக் கற்றுக் கொடுத்தவள் ரம்ஸியா.

அதை இணையத்தில் வெளியிட்டபோது போட்ட பெயர் ‘ர. மீராசா’. பொம்பளைப் பிள்ளையின் பெயர் இன்டர்நெட்டில் அலைய வேண்டாம் என்று உம்மா சொன்னதால், முதல் எழுத்தும் வாப்பாவின் பெயரும் மட்டும். அந்த மென்பொருளில் வேலை செய்யும் தமிழர்களின் மடலாடற்குழுவில் எல்லோரும் அவளை ‘மீராசா சார்’ என்றுதான் எழுதினார்கள்.

அந்தக் குழுதான் இப்போது மாநாடு நடத்தப்போகிறது. கண் தெரியாதவர்களும் காது கேளாதவர்களும் கட்டற்ற மென்பொருளை எப்படிக் கையாளலாம் என்று பேச ஒரு முழுநாள். மாநாட்டு வேலைகளில் ரிபாயும் கைகொடுப்பதால், அதற்கான ஆலோசனைக் கூட்டம் இன்று இந்த வீட்டு ஹாலில். சவூதியின் அல் கோபாரிலிருந்து கடல்பாலம் தாண்டிக் காரில் வந்திருந்தார் குழுவின் செயலாளர் ஜான் பீட்டர். மண்டபம் தருபவர் மனாமாவில் துணிக்கடை வைத்திருக்கும் நிஜாம் ஹாஜியார். அவருடைய தங்கை மகனுக்குத்தான் இளையவள் ஹிஃப்ஸாவைப் பேசி வைத்திருந்தார்கள். ரிபாய், ஹிஃப்ஸா என்று தனக்கு இரண்டே பிள்ளைகள் என ருக்கையா அவர்களிடம் சொல்லியிருந்தாள்.

“மண்டபம் மூணாவது மாடில்லா? லிப்ட் இருக்கா?” ஜான் பீட்டரின் குரல் கதவுக்கு இப்பால் கேட்டது. “வீல்சேர்ல வாறவங்க எப்படி ஏறுவாங்க?”

“நம்ம கடை ஆளுங்க தூக்கிட்டு வருவாங்க வாப்பா. அது ஒரு விசயமா?” என்றார் ஹாஜியார்.

“சரி ஹாஜியார். பார்வை இல்லாத ஒருத்தர மேடையில பேச வச்சா நல்லாருக்கும்லா?”

“பஹ்ரைன்ல நம்ம ஆளுகள்ல அப்படி யாரும் இல்லையே. உமக்குத் தெரிஞ்சு யாரும் உண்டா ரிபாய்?”

ஹாலில் ஸ்பூன் தேநீர்க் கோப்பையில் சுற்றிக்கொண்டேயிருந்தது. பிறகு நின்றது.

“இல்ல ஹாஜியார்” என்றான் ரிபாய்.

ரம்ஸியா எழுந்து கதவருகில் வந்தாள். கையை உயர்த்தினாள். ஒரு தட்டு தட்டினால் போதும். அந்தப் பக்கம் ஹிஃப்ஸாவின் வளையல் சத்தம். புதுத் துணி கட்டிக்கொண்டு சமோசாத் தட்டோடு போகிறாள். ‘குருடி இருக்கிற வூடா?’ என்று கேட்டுவிட்டு ஏற்கெனவே ஹிஃப்ஸாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடத்துக்காரர்கள் எழுந்து போயிருந்தார்கள். அம்மையில் போன கண் பரம்பரையில் வராது என்று டாக்டர் எழுதித் தந்த காகிதத்தை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

உயர்ந்த கை தானாகவே இறங்கியது.

“அப்ப நீங்களே சிறப்புரை பேசிருங்க சார்” என்றார் ஜான் பீட்டர். “பாஸ்போர்ட்ல நீங்க ரிபாய் மீராசாதான? அந்த ர. மீராசா நீங்கன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சிருக்கோம்.”

ரிபாய் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஹாஜியார் கை தட்டினார்.

எல்லோரும் போனபிறகு கதவு திறந்தது. ரிபாய் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ரம்ஸி, நிக்காஹ் முடியட்டும். நானே எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிர்றேன்.”

“நிக்காஹ் முடிஞ்சப்புறம் சொன்னா, மறச்சுக் கட்டி வச்சீங்கன்னு அவளைத் திருப்பி அனுப்ப மாட்டாங்களா காக்கா?”

கட்டில் கிறீச்சிட ரிபாய் எழுந்தான். “பேசுறதுக்கு நீ எழுதித் தர்றியா?” என்றான்.

“தர்றேன். கேள்வி கேட்டா என்ன செய்வீங்க?”

“நேரமில்லன்னு ஹாஜியார் முடிச்சிருவாரு.”

அவள் எழுதிக் கொடுத்தாள். நான்கு நாள் பிடித்தது.

மாநாட்டுக்குப் பெயர் பதியும் பக்கம் அடுத்த வாரம் இணையத்தில் வந்தது. போக முடியாதென்று தெரிந்தும் ரம்ஸியா அதைத் திறந்தாள். ரம்ஸியா என்ற பெயர், ஊர் வரைக்கும் சரியாகப் போயிற்று. கடைசியில் ஒரு பெட்டி. பக்கத்தில் ஒரு படம். ‘படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டவும்’ என்றது கணினி. படத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. பதிகிறவர் மனிதர்தானா என்று உறுதிசெய்ய வைத்திருக்கும் சோதனையாம். மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் அவளை மனிதராக ஏற்க மறுத்தது.

புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி எடுத்து, மாநாட்டுக் குழுவுக்கு எழுதினாள். ‘எனக்குக் கண் தெரியாது. உங்கள் பக்கத்தில் என்னால் பதிய முடியவில்லை. ரம்ஸியா.’

மறுநாள் ஜான் பீட்டரின் பதில் வந்தது. ‘சகோதரி, இருக்கிற வேலையில் இப்போது பக்கத்தை மாற்றுவது சிரமம். எங்கள் சிறப்புரையாளர் ர. மீராசா அவர்களுக்கு எழுதுங்கள். உங்களைப் போன்றவர்களின் கஷ்டம் தெரிந்தவர் அவர்தான்.’ கீழே முகவரி கொடுத்திருந்தார். ரம்ஸியாவின் பழைய முகவரி.

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய முகவரியிலிருந்து ஒரே வரி எழுதினாள்: ‘அந்தச் சோதனையை எடுத்துவிடுங்கள். மீராசா.’

அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

பதிவுப் பக்கத்தை மறுபடி திறந்து, இம்முறை ரம்ஸியா மீராசா என்று முழுப்பெயரையும் அடித்தாள். இணையத்தில் அந்தப் பெயரை முழுதாக அவள் எழுதியது அதுதான் முதல்முறை.

மாலையில் ‘மீராசா சாருக்கு’ ஜான் பீட்டரிடமிருந்து ஒரு மடல் வந்தது. ‘சார், பார்வையில்லாத ஒருவர் பதிந்திருக்கிறார். பார்வையில்லாதவர்களில் இதுவரை அவர் ஒருவர்தான். பெயரில் மீராசா என்று இருக்கிறது. உங்களுக்குச் சொந்தமா?’

பக்கத்து அறையில் ஹிஃப்ஸா போனில் யாரிடமோ மெல்லப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிக்காஹுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. ரம்ஸியா விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

‘சொந்தமில்லை. எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் மேடைக்கு நேர் எதிரே, பேசுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர் வராவிட்டாலும் அதில் வேறு யாரையும் உட்கார வைக்காதீர்கள்.’

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

‘கண்டிப்பாகப் போடுகிறோம் சார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக இவ்வளவு யோசிக்கிறீர்களே, உங்களுக்குப் பெரிய மனசு.’