துண்டுக்கு அடியில் ஒரு கை

1

இது எனக்கு ஒரு மாட்டுத் தரகர் சொன்ன கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து 'இது உம்ம கதை இல்லையே வே' என்று சட்டையைப் பிடிக்கக் கூடாது. தரகருக்கு மீரா முகைதீன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மேலப்பாளையம் சந்தையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. முடிவை மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது சாமி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தாமிரபரணியின் மேல் மாலைச் சூரியன் தன் பொற்கரங்களால்"

(வேண்டாம். ஆற்றைச் சும்மா விடுவோம்.)

பிறகு இப்படி: "1994இல், ஜங்ஷன் பக்கம் ஒரு டாக்கீஸை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவதென்று முடிவானது." இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது, என்ன செய்ய?

2

இடிக்கும் முன் உள்ளே கிடந்ததையெல்லாம் முதலாளி ஏலம் விட்டார். நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் பழைய சாமான் கடைக்காரர்கள் வந்தார்கள். போஸ்டர், பாட்டுப் புத்தகம், ஸ்டில் போட்டோ என்று சினிமாச் சாமான் சேர்க்கிற கூட்டம் தனி. முதல் நாள் வாய்விட்டுக் கேட்கிற ஏலம். ஒரு நடிகரின் கட்அவுட்டை அவருடைய ரசிகர் மன்றத்துப் பையன்கள் கேட்க, எதிர் மன்றத்துக்காரர்கள் அதையே வாங்கிக் கொளுத்துவதற்காக ஏற்றிக் கேட்டார்கள். அடிதடி, போலீஸ். முதலாளி வெறுத்துப்போய் மறுநாள் மீரா முகைதீன் பாயைக் கூட்டிவந்தார்.*

* மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் கையும் கேட்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்வார்கள்; கேட்கிறவர் தரகரின் எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறாரோ அத்தனை பங்கு விலை. முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. அதற்கு மேல் இல்லை. யார் என்ன கேட்டார் என்பது தரகருக்கு மட்டும்தான் தெரியும். எல்லார் கையையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு பெயரைச் சொல்வார், சண்டைக்கு வழியே இல்லை.

3

ஞானசிகாமணியை எப்படி எழுதுவது என்றுதான் எனக்குப் பெரிய தொல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஸ்டில் போட்டோ சேர்க்கிறவர். ஒரு பழைய படத்தின் பன்னிரண்டு ஸ்டில்லில் பதினொன்று அவரிடம் இருந்தது. பன்னிரண்டாவது இந்த டாக்கீஸ் வராண்டாவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், உயரத்தில் தொங்கியது. உயரத்தில் இருந்ததால்தான் தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் பிழைத்தது. கீழே போஸ்டர் அறையில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது.

முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. பாயிடம் அவர் சொன்னதாக இருப்பது இவ்வளவுதான்: "பாய், இது ஒண்ணு கெடச்சுட்டுன்னா நிறுத்திருவேன். டிரங்குப் பெட்டிய எல்லாம் மூடி வச்சுட்டு நிம்மதியாத் தூங்குவேன். அலைஞ்சு அலைஞ்சு சீ-ன்னு ஆயிட்டு வே." இப்படிப் பேசுகிற மனுஷனை எப்படி வில்லனாக்குவது? எனக்கே அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. தன் படங்களை யாருக்கும் நகல் எடுக்கத் தர மாட்டார். நகல் வந்துவிட்டால் அசலுக்கு மதிப்பில்லையாம். (ஸ்டுடியோவில் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தால் தீர்ந்ததே என்று நீங்கள் அடுத்துக் கேட்கப் போகிறீர்கள். அதற்குத்தான் இதைச் சொல்லி வைக்கிறேன்.)

4

சாலோமி டீச்சர் (இதுவும் நான் வைத்த பெயர்; அசல் பெயரைப் பாய் என்னிடம்கூடச் சொல்லவில்லை). பாளையங்கோட்டை. சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. அன்றைக்கு வந்திருந்த ஒரே பெண்பிள்ளை.

அந்த ஸ்டில்லில் கதாநாயகிக்குப் பின்னால் ஒரு வரிசைப் பெண்கள் ஆடுகிறார்கள். ஓரத்தில் நிற்கிறவள் டீச்சரின் அம்மா. கல்யாணத்துக்கு முன்பு கொஞ்ச நாள் மெட்ராசில் குழு நடனம் ஆடியிருக்கிறாள். சபையில் வெட்கக்கேடு என்று கணவர் அவள் படங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார். டீச்சர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா செத்துப்போனாள். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது.

"எங்கம்மை மொகம் எனக்குத் தெரியாது பாய்," என்றாளாம் மெதுவாக. "அத்தைதான் சாகும்போது சொன்னாவ, அந்தப் படத்துல நிக்கான்னு. ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீங்க." ஏலம் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைக் கொடுத்தால் போதும் டீச்சர் என்றார் பாய்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது.

5

ஞானசிகாமணி துண்டுக்குள் நாலு விரலைப் பிடித்தார். பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிற்று என்றார் பாய். மற்றவர்கள் ஒன்று, இரண்டு.

கடைசியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கோயில் விட்டு வெளியே வரும்போது தோத்திரம் சொல்லிக் கைகொடுப்பார்களே, அந்தப் பழக்கத்தில் பாயின் முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

"அது வெல கேட்ட கை இல்ல வே," என்றார் பாய் என்னிடம். "வெள்ளத்துல போறவ பிடிக்கிற கை. ஆனா சந்தைக் கணக்குல அது அஞ்சு."

6

மூன்று முடிவு எழுதினேன்.

(அ) பாய் சாலோமி பெயரைச் சொல்கிறார். படம் கிடைக்கிறது. தான் கேட்காத விலையைக் கட்டச் சொன்னதும் டீச்சர் எல்லார் முன்னாலும் கழுத்துச் செயினைக் கழற்றுகிறாள். அதோடு கழுத்து வெறுங்கழுத்து.

(ஆ) தெரியாமல் பிடித்த கை கணக்கில்லை என்று ஞானசிகாமணி பெயரைச் சொல்கிறார். அவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறார். ஓரத்தில் நிற்கிறவள் யாரென்று தெரியாமலே அவளை டிரங்குப் பெட்டியில் வைத்து மூடுகிறார்.

(இ) பாய் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். ஞானசிகாமணி கண்கலங்கி, "இந்தாங்க டீச்சர், ஒங்க அம்மை" என்று படத்தை

இதைத்தான் பாயிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. படத்துல வந்தா ஜனம் விசிலடிக்கும். ஆனா அந்தப் பிள்ள யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னத நான் ஊருக்கு முன்னால சொல்லவா? அப்புறம் சந்தையில எவன் வே எங்கிட்ட கைய நீட்டுவான்?"

"அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"பேரச் சொன்னேன்."

"யார் பேர?"

டீ கிளாசைக் கீழே வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "என் எடத்துல நீரு இருந்தா யார் பேரச் சொல்லுவீரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

7

என்னால் முடியவில்லை ஐயா. எந்தப் பெயரை எழுதினாலும் மறுநாள் காலையில் அடித்துவிடுகிறேன். இந்தாருங்கள், துண்டை உங்கள் கைமேல் போடுகிறேன். வராண்டாவில் எல்லாரும் உங்கள் வாயையே பார்க்கிறார்கள். ஞானசிகாமணி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். முதலாளி "என்ன பாய், ஆச்சா?" என்கிறார்.

சீக்கிரம் சொல்லுங்கள். டீச்சர் இன்னும் கையை விடவில்லை.