முதல் கூடை

கஹு தன் கூடையின் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, நானும் அவள் அம்மாவான என் தங்கை ரோய்மாட்டாவும் வகுப்பறைச் சுவரோரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று வாரமாகப் பள்ளியில் ஹரகெகே பின்னுகிறார்கள். தாழை மடல் மாதிரி நீளமான இலை. நகத்தால் கீறி, கத்தி முதுகால் வழித்து, பிள்ளைகளின் விரலெல்லாம் பச்சை. முதலில் பின்னியதைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பது மரபு. அதைப் பார்க்கத்தான் எங்களை அழைத்திருந்தார்கள்.

கஹுவை ஏழு வயதில் என்னிடம் விட்டுவிட்டு, ஆறே மாதம் என்று ரோய்மாட்டா பிரிஸ்பேனுக்கு வேலைக்குப் போனாள். இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் பத்து நாள் லீவில் வந்திருக்கிறாள். காய்ச்சலுக்குக் கண்விழித்தது, பேன் வாரியது, கிவிப்பழம் பேக் செய்யும் ஷெட்டில் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டது எல்லாம் நான். கூடை எனக்குத்தான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது வெட்கமாகவும் இருந்தது.

"உனக்குத்தான்க்கா குடுப்பா," என்றாள் ரோய்மாட்டா, தரையைப் பார்த்தபடி. "அதான் நியாயம்."

"சும்மா இருடி."

கஹு வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பக்கம் சரிந்த அந்தச் சின்னக் கூடையை அம்மாவின் மடியில் வைத்தாள்.

நான் கை தட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கஹு என் காதருகே குனிந்தாள். அவளுக்கு ரகசியம் பேசவே வராது.

"கோச்சுக்காத பெரியம்மா. ரெண்டாவது, மூணாவது எல்லாமே உனக்குத்தான். நீ இங்கதானே இருப்ப."

ரோய்மாட்டாவுக்குக் கேட்டுவிட்டது. அழப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ கூடையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாயை நோக்கி நடந்தாள். பரப்பியிருந்த இலைகளுக்கு மேல் காலைத் தூக்கினாள்.

"தாண்டாதீங்க!" நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள். பின்னும் இலையைத் தாண்டுவதும் மரபில் ஆகாது.

சுற்றிப் போய் உட்கார்ந்தாள். "எனக்கும் சொல்லிக் குடேன், கஹு."

"ஒரே நாள்ல வராதும்மா."

"வராட்டிப் போகுது. ஆரம்பி."

கஹு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நான்கு கீற்றுகளை அம்மாவின் முழங்காலில் பரப்பி, அவள் கட்டைவிரலை எடுத்து நடுவில் வைத்து அழுத்தினாள். மறுமுனை வழுக்கி விலகியது.

"பெரியம்மா, இந்தப் பக்கம் நீ பிடி."

நானும் சுற்றிப் போய் மண்டியிட்டேன். இலை ஈரமாக இருந்தது. எங்கள் இருவர் கைகளுக்கும் நடுவே கஹுவின் பச்சை விரல்கள் மேலும் கீழும் ஓடின.