கவசத்தோட ஓரத் துண்டு

ஆமாங்க, "எரியாது"ன்னு சொன்னதும் அவதான். சசிரேகாதான். அத யாரும் மறைக்கல. ஆனா பொய் சொல்லல, தெரியாம சொன்னா. அதயும் சேத்துச் சொல்லணும்ல? இப்ப பன்வில தோட்டத்துப் பக்கம் ஆளாளுக்கு ஒரு மாதிரி கதைக்கிறாங்க, அதனால மொதல்ல இருந்தே வருவோம்.

சசிரேகா கண்டி டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடையில போட்டோகாப்பி அடிக்கிற புள்ள. இருவத்திமூணு வயசு. காலையில தோட்டத்துல இருந்து பஸ்ஸப் புடிச்சு வருவா, பொழுது சாயுறப்ப திரும்புவா. போற வர்ற நேரம் முழுக்க போன்ல ஒரே வீடியோதான். வெளிநாட்டுல யாரோ அட்டையில கவசம் வெட்டுவான், அதுமேல ரெசின் பிசினப் பூசுவான், உள்பக்கம் கண்ணாடி நார் விரிப்ப ஒட்டுவான், கடைசியில சுத்தியலால தட்டிக் காட்டுவான். டங்குன்னு சத்தம் வரும். அந்த டங்குக்காகவே அவ திரும்பத் திரும்ப பாப்பா.

அவ அண்ணன் சின்னமுத்து, தாத்தா பேர வச்சது, தோட்டத்துக் காமன் கூத்துல வீரபத்திரன் வேஷம் கட்டுறவன். மாசியில, ஆளுங்களக் கூட்டிப் பேர் பதியுற பிரட்டுக்களத்துல கம்பம் ஊனி, நாளுக்கு நாள் ஆட்டம் நடந்து, பௌர்ணமி ராத்திரி மன்மதன எரிக்கிறதோட கூத்து முடியும். வீரபத்திரன் வர்றது அந்தக் கடைசி ராத்திரி, பந்தம் புடிச்சு வர்ற தூதன் வேஷத்தோட மோதுறதுக்கு. போன வருஷம் அவன் நெஞ்சுல போட்டிருந்தது அட்டையில ஜிகினாப் பேப்பர் ஒட்டுன கவசம். பாதி ஆட்டத்துல மழை வந்துருச்சு. கவசம் ஊறி, ரொட்டி மாவு கணக்கா வயித்து வரைக்கும் தொங்கி, அப்பிடியே பிஞ்சு விழுந்துச்சு. சின்னமுத்துக்கு ஒண்ணும் தெரியல. அருள் வந்து ஆடுறவனுக்கு மழை தெரியுமா, மாவு தெரியுமா? மறுநாள் எவனோ எடுத்த வீடியோவப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டான்.

அன்னையில இருந்து தோட்டத்துக் கீழ் டிவிஷன்காரனுங்களுக்கு அவன் 'ரொட்டி வீரபத்திரன்'. பஸ்ஸுல ஏறுனா, "ரொட்டிக்கு எடம் குடுங்கப்பா." கடைக்குப் போனா, "ரொட்டி, பருப்பும் வேணுமா?" ஒரு வருஷம் முழுக்க இதே பாட்டு.

"அண்ணே, இந்த வருஷம் நான் செஞ்சு தரேன்"ன்னா சசிரேகா. "மழை இல்ல, ஆத்துலயே குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

குண்டசாலையில முஹ்ஸின் நானான்னு ஒருத்தர் இருக்காரு. த்ரீவீலருக்கு பம்பர், மட்காட் எல்லாம் பைபர்ல செய்றவரு. ஒரு லீவு நாளு அட்டைச் சுருளத் தூக்கிக்கிட்டு அங்க போய் நின்னா.

"எனத்தியன் தங்கச்சி, என்ன வேணும்? த்ரீவீல் எங்க?"

"த்ரீவீல் இல்ல நானா. நெஞ்சுக் கவசம்."

"யாருக்கு?"

"வீரபத்திரனுக்கு."

"அவர் எந்த ஸ்டேண்ட்ல ஓட்ற?"

வெவரம் சொன்னதும் மனுசன் சிரிச்சுட்டு, ரெசினும், அத இறுக வைக்கிற ஹார்ட்னரும், வெள்ளை நார் விரிப்பும் குடுத்தாரு. மழைக்குத் தாங்கணும்ன்னுதான் அவ சொன்னா. நெருப்பப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ஹார்ட்னர் அளவ மூடியில ஊத்திக் காட்டுனாரு. "ஒங்கட பக்கம் குளிர்தானே, ஒரு சொட்டுக் கூடப் போடலாம். அள்ளிப் போட்டீங்கண்டா கப்பே பொகையும். மூக்குக்குத் துணி கட்டிக்கோங்க. வேல செய்றப்ப பக்கத்துல பீடி, வெளக்கு ஒண்டும் வெச்சிக்கொள்ள வாணாம், சரியா?"

"வேல செய்றப்ப"ங்கிறத அவ நல்லாப் புடிச்சுக்கிட்டா. ஈரமா இருக்கிற வரைக்கும்தான் பயம், காஞ்சா கல்லுன்னு மனசுல பதிஞ்சு போச்சு.

நாலு ஞாயித்துக்கிழமை லயத்து வாசல் இஸ்தோப்புல வேல நடந்துச்சு. பழைய கவசத்துல பிஞ்சது போக மிச்சமிருந்தத வெட்டி, அளவுக்கு வச்சுக்கிட்டா. ரெசின் நாத்தத்துல பக்கத்துக் காம்பராக்காரங்க கதவச் சாத்திக்கிட்டாங்க. கண்ணாடி நார் கையில குத்தி, பஸ்ஸுல சொறிஞ்சுக்கிட்டே வந்தா, பக்கத்துல இருந்த அம்மா எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருச்சு. ரெண்டு தரம் பூசி, விரிப்ப ஒட்டி, காஞ்சதும் ஓரத்த வாளால அறுத்து நேர் பண்ணி, பொன் கலரும் செவப்பும் அடிச்சா. அறுத்த ஓரத் துண்டுங்கள உரப் பையில போட்டு அடுப்படி மூலையில வச்சா.

சின்னமுத்து கவசத்த நெலத்துல வச்சு மேல ஏறி நின்னான். ஒரு கீறல் விழல. அவன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். கூத்துக் கமிட்டித் தலைவர் பெரியதம்பி மாமா வந்து, வெரலால தட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"தூதனோட பந்தம் நெஞ்சுக்கு நேர வரும். தெரியும்ல?"

"எரியாது மாமா. காஞ்சா கல்லு."

அவ்வளவுதான். கடைசி நாளைக்கு மொத நாள் கவசத்தக் கம்பத்தடியில வச்சு, தேங்காய் ஒடைச்சு, பூச போட்டு, வீட்டுக்குக் கொண்டாந்து வெள்ளைத் துணி விரிச்சு வச்சாங்க. சின்னமுத்து கையில காப்பு மொதல்லயே கட்டியாச்சு.

மறுநாள் விடிஞ்சுது. கூத்தோட கடைசி நாள். ராத்திரி பெஞ்ச தூறல்ல விறகெல்லாம் ஈரம். சசிரேகா வெறுந்தேத்தண்ணிய வாயில வைக்கப் போறா, அடுப்படியில இருந்து அம்மா கொரல்.

"ஏ சசி, இந்த மஞ்சத் துண்டு இன்னும் இருக்காடி? என்னமாப் பத்துது. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் ஊத்தல பாரு."

எந்த மஞ்சத் துண்டு?

எந்திரிச்சுப் போய்ப் பாத்தா. வெரல் நீளத்துக்கு ஒரு ஓரத் துண்டு. அடுப்புல நின்னு எரியுது. எரியுதுன்னா, சும்மா இல்ல. கருகருன்னு பொகை, கூரையத் தொடுது. கொழகொழன்னு கொதிச்சு நொறை தள்ளுது. ஈர விறகு அதப் பாத்துட்டுத் தானும் புடிச்சிருச்சு. அம்மா அடுத்த துண்டக் கையில எடுத்துருச்சு.

"வைம்மா அத."

"ஏன்டி? சும்மா குப்பையிலதான கெடக்குது."

சசிரேகா தேத்தண்ணியக் கீழ வச்சா. பையப் புடுங்கி, கொல்லைப் பக்கம் வச்சுட்டு, முஹ்ஸின் நானாவுக்குப் போன்ல கோல் எடுத்தா.

"நானா, காஞ்ச பைபர் எரியுமா?"

"எரியும்தானே. வண்டி ஒண்டு பத்தினா பம்பர்தான் மொதல்ல போற. ஏன்?"

அவ கண்ணு உள்ள இருந்த கவசத்து மேல போச்சு.

"தங்கச்சி, நெருப்புக்குக் கிட்ட போற சாமானா அது? நீங்க மழைக்கெண்டுதானே சென்ன."

"மேல ஏதாச்சும் பூசலாமா நானா?"

"நெருப்புப் புடிக்காத ரெசின் வேற ஈக்குது. கொழும்புல தேடணும். எப்ப வேணும்?"

"இன்னைக்கு ராத்திரிக்கு."

"அப்ப போட வாணாம்." கொஞ்சம் நிறுத்தி, "வெளங்குதா மகள்? போடவே வாணாம்"ன்னாரு.

போடவே வேணாம்ன்னு சொல்றது அவருக்குச் சுளுவு. யாருகிட்ட போய்ச் சொல்றது? பூச போட்ட சாமான். பழைய கவசத்த வெட்டி அளவெடுத்தாச்சு, மாத்துறதுக்கு வேற இல்ல. இவ போன்ல போட்ட கவசப் போட்டோவப் பாத்துட்டு கீழ் டிவிஷன் என்ன, அடுத்த தோட்டமே வருது. தூதன் கட்டுற கறுப்பையா ரெண்டு கையிலயும் பந்தத்தோட ஓடி வந்து, வீரபத்திரன் நெஞ்சோட நெஞ்சு மோதுவான். ஒரு தரமா, மூணு தரம்.

தானா ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டா? கைதவறி விழுந்துருச்சுன்னு? அப்பிடித்தான் அவளுக்குத் தோணுச்சு, நான் மறைக்கல. அம்மா தண்ணிக்குப் போன நேரம் பாத்து, கவசத்தக் கொல்லைக்குத் தூக்கிட்டுப் போய், சாமிய மனசுல கும்பிட்டுட்டு, கோடாலியத் திருப்பிப் புடிச்சு ஒரு போடு போட்டா.

டங்.

கோடாலி எகிறிருச்சு. மணிக்கட்டு விண்ணுன்னு வலிக்குது. கவசத்துல பெயிண்டு மட்டும் கொஞ்சம் பேந்திருக்கு. இன்னொரு போடு. டங். அவ ஆசப்பட்ட அதே சத்தம். நாலு ஞாயித்துக்கிழமை பாத்துப் பாத்து செஞ்ச வேல, அவளுக்கே அசைஞ்சு குடுக்க மாட்டேங்குது. அங்கயே குந்தி அழுதுட்டா.

"என்னடி பண்ற?"

சின்னமுத்து நிக்கிறான். கையில காப்பு, நெத்தியில திருநீறு.

அவ பையில இருந்து ஒரு துண்ட எடுத்தா, நெருப்புக்குச்சியக் கிழிச்சா. மொதல்ல பத்தல. அண்ணன் மூஞ்சியில, "இதுக்குத்தானா"ங்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ரெண்டாவது குச்சிய ஓரத்துல வச்சே புடிச்சா. அப்பறம் புடிச்சுக்கிச்சு. கல்லு மேல வச்சா. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஊதுனா அணையல. சின்னமுத்து செருப்பால மிதிச்சான். செருப்புல ஒட்டிக்கிட்டு எரிஞ்சுது. மண்ணுல தேச்சுத் தேச்சுத்தான் அணைச்சான்.

"எப்ப தெரியும்?"

"காலையில. அம்மா அடுப்பு பத்தவச்சுச்சு."

"மாமாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

கையில காப்ப உருட்டுனான். "நான் தள்ளி நின்னு ஆடிக்கிறேன்."

"அருள் வந்தா தள்ளி நிப்பியா அண்ணே?"

அவன் செருப்புல ஒட்டுன கரியப் பாத்தான்.

"போன வருஷம் மழை பெஞ்சதே ஒனக்குத் தெரியல. கவசம் பிஞ்சு விழுந்தது தெரியல. வீடியோவப் பாத்துத்தான தெரிஞ்சுக்கிட்ட. இது பத்துனா ஒனக்குத் தெரியுமா?"

"கவசம் இல்லாம போனா என்ன பேர் வைப்பானுங்கன்னு ஒனக்குத் தெரியுமாடி?" கொரல் ஒரு மாதிரி ஆயிருச்சு. "ஒரு வருஷம் நான் அத வாங்குனேன். நீ வாங்கல."

அவ கவசத்த ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டா. கடைசியில அவன்தான், "எந்திரி, மாமாகிட்ட போவோம்"ன்னான்.

பெரியதம்பி மாமா கேட்டு முடிச்சதும் அவளப் பாக்கவே இல்ல. "அன்னைக்கே கேட்டேனே"ன்னு கம்பத்தப் பாத்துச் சொன்னாரு. "பூச போட்டத மூலையில போட முடியாது. போட்டுக்கிட்டும் ஆட முடியாது." தப்பு மேளக்காரங்க அந்தப் பக்கம் தப்பக் காய்ச்ச நெருப்பு மூட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்த நெருப்ப ஒரு தரம் பாத்தாரு. "மத்தியானம் லயம் லயமாப் போய் கூத்துக்கு அழைக்கிறோம்ல? அப்ப போட்டுக்கிட்டு வா. பகல்ல பந்தம் கெடையாது. ராத்திரி வெறும் ஒடம்போட வா."

அப்பிடியே செஞ்சாங்க. மத்தியானம் தூறல் வேற. பொன் கலர் கவசத்து மேல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது, புள்ளைங்க ஓடியாந்து தட்டிப் பாக்குதுங்க, ரொட்டின்னு ஒருத்தன் வாயத் தெறக்கல. சசிரேகா மட்டும் எவன் பீடி குடிக்கிறான்னு பாத்துக்கிட்டே பின்னால போனா.

ராத்திரி சின்னமுத்து வெறும் மாரோட, திருநீறும் குங்குமமும் பூசிக்கிட்டு எறங்குனான். கூட்டத்துல இருந்து ஒருத்தன், "ரொட்டி இந்த வருஷம் ரொட்டிகூட கொண்டுவரலடா"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சசிரேகா மொத வரிசையில ஈரச் சாக்கக் கையில வச்சுக்கிட்டு நின்னா. சிரிப்பு அவ காதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியல.

மொத மோதல். ஒண்ணும் இல்ல. ரெண்டாவது மோதல்ல கறுப்பையா பந்தத்துல இருந்து எண்ணெய்த் துணி ஒரு கிழிசல் பிஞ்சு, எரிஞ்சுக்கிட்டே வந்து, சின்னமுத்து எடது தோள்ல விழுந்துச்சு. கவசத்தோட தோள் பட்டை வர்ற எடம். அருள்ல இருந்தவன் சட்டுன்னு தோள ஒதறுனான். துணி மண்ணுல விழுந்துச்சு. இவ பாஞ்சு போய் ஈரச் சாக்க அதுமேல போட்டு நின்னுக்கிட்டா. தப்பு நிக்கல, ஆட்டம் நிக்கல. மன்மதன எரிச்சு முடிக்கிற வரைக்கும் அவ அந்தச் சாக்க விட்டு எறங்கல.

விடிஞ்சப்ப தோள்ல கொட்டப்பாக்கு அளவுக்கு ஒரு கொப்புளம்.

"பாரு"ன்னான் சின்னமுத்து, அம்மா மருந்து பூசுறப்ப. "ஒன் கவசம் இருந்திருந்தா இது என் மேல பட்டிருக்குமா? இவ்வளவு மொத்தம் இருக்கு. பேரும் கெட்டிருக்காது."

"மேல பட்டதாலதான்டா ஒதறுன"ன்னாரு பெரியதம்பி மாமா. "கவசத்துல விழுந்திருந்தா ஒனக்கு எப்பிடித் தெரியும்? அது அங்கயே ஒக்காந்து எரிஞ்சிருக்கும்."

"ஒரு துணித் துண்டுக்கா? இவ பத்தவைக்கவே ரெண்டு குச்சி ஆச்சு மாமா."

இதுதாங்க இப்ப வரைக்கும் ஓடுது. பாதிப் பேரு அண்ணன் பக்கம், பாதிப் பேரு மாமா பக்கம். அம்மா எந்தப் பக்கமும் இல்ல, அந்த உரப் பைய எங்க ஒளிச்சு வச்சேன்னு மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கு. கவசம் காம்பராச் சுவத்துல ஆணியில தொங்குது. சசிரேகா வேலைக்குப் போறப்ப அதப் பாக்காமப் போறா, வர்றப்ப ஒரு தரம் தொட்டுப் பாக்குறா. தூங்குறப்ப அந்தத் துணி விழுந்துக்கிட்டே இருக்காம், சில நாள் தோள்ல, சில நாள் கவசத்துல. நீங்க சொல்லுங்க, அன்னைக்கு நீங்க அந்தக் கொல்லையில நின்னிருந்தா கவசத்தப் போட விட்டிருப்பீங்களா? அண்ணன் சொல்றது சரியா, மாமா சொல்றது சரியா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?