மண்டியிடாத நீலச்சட்டை

மூன்று மணிக்கு தேவாலயத்தில் என் தங்கை செனாமிக்குக் கல்யாணம். இரண்டேகாலுக்கு, மோதிரப் பெட்டி என் தோள்பையிலிருந்து காணாமல் போனது.

பெனின் நாட்டின் கொதோனு நகரக் கடற்கரைச் சாலையில், வீராங்கனை சிலையின் காலடியில் படமெடுக்கக் கூடியிருந்தோம். மேலே முப்பது மீட்டர் உயரத்தில் துப்பாக்கியோடு வெண்கலப் பெண். கீழே எங்கள் வீட்டார் நாற்பது பேர், எங்கள் கல்யாண வழக்கப்படி அத்தனை பேருக்கும் ஒரே நீலப் பூத்துணி. என்னை உரசி நின்றதெல்லாம் அந்த நீலம்தான். திருடன் கூட்டத்துக்குள்ளேயே இருந்தான்.

"எல்லார் பையையும் தேடிரலாமா அத்தே?"

"கல்யாண நாள்ல சொந்தக்காரங்களையா? வாய மூடுடி!" என்றாள் அஃபியாவி அத்தை. "இந்தத் துணி சந்தையில எவனுக்கும் கெடைக்கும். நம்ம குலப்பாட்டு கெடைக்குமா?"

சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, அத்தை குலப்பாட்டை எடுத்தாள். அது காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் கட்டளை வேண்டாம், முழங்கால் தானாக மடங்கும். மணப்பெண் உட்பட எல்லோரும் மண்டியிட்டுக் கைதட்டினோம்.

நீலச்சட்டை ஒன்று மட்டும் நடுவில் முழித்துக்கொண்டு நின்றது.

என் அண்ணன்கள் எழுந்து நெருங்குவதற்குள் அவனே பெட்டியை நீட்டிவிட்டான்.

"நல்ல உயரம்டா உனக்கு," என்றாள் அத்தை, பெட்டியைப் பிடுங்கி. "இம்மாம்பெரிய சிலை பக்கத்துலயும் தனியாத் தெரியிற!"

மூன்று மணிக்கு மோதிரம் செனாமியின் விரலில் இருந்தது.