பட்டியலின் முதல் வரி

ஸ்டாதிஸ் ஆறரைக்கு எழுந்தான். காபி போட்டு, பால் சேர்க்காமல், நின்றபடியே குடித்தான். மூலைக் கடைக்குப் போய் நீல மூடிப் பால் ஒரு புட்டி வாங்கி வந்தான். குளிர்பெட்டியில் திறக்காமல் கிடந்த நேற்றைய பாலைக் கழுவு தொட்டியில் ஊற்றிவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைத்தான். இருபத்திரண்டு நாளாக இதுதான் நடக்கிறது.

எட்டு மணிக்கு தாஃப்னி வந்தாள். இறந்துபோன அவன் மனைவி மிர்த்தோவின் தங்கை. பதினெட்டு வயது. தினமும் இந்நேரத்துக்கு வந்து அக்காவைப் பற்றிப் பேசுவாள். அந்த வீட்டில் மிர்த்தோவின் பெயர் காதில் விழுவது அப்போது மட்டும்தான்.

இன்று மடிக்கணினியோடு வந்திருந்தாள். சேர விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திய பட்டியலை அனுப்ப இன்று மாலையே கடைசி. மதிப்பெண் எட்டுகிற முதல் இடத்தில் போட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே எழுதியதெல்லாம் வீண். ஆசிரியர் படிப்புக்கு வோலோஸும் எட்டும், ரெதிம்னோவும் எட்டும். அவர்கள் ஊரான லாரிஸாவிலிருந்து வோலோஸ் ஒரு மணி நேரப் பேருந்து. தீவிலிருக்கும் ரெதிம்னோவுக்குக் கப்பல் ஏற வேண்டும். அவள் மனம் கப்பலில் இருந்தது.

இறந்த ஒன்பதாம் நாள் பூசையில், வேகவைத்த கோதுமையைப் பங்கிட்டபடியே, தாஃப்னியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும்படி மிர்த்தோ உயிரோடிருந்தபோது போனில் சொன்னதாக அவர்களின் அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அன்றிரவே தாஃப்னியின் பட்டியலில் வோலோஸ் மேலே ஏறிவிட்டது.

“அக்கா இருந்தப்ப அவ பேச்சை அம்மா ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப வாயத் திறந்தா அக்கா சொன்னா, அக்கா சொன்னாதான்” என்றாள். பிறகு திரையைப் பார்த்தபடி கேட்டாள்: “கடைசியா நீங்கதானே கூட இருந்தீங்க, அத்தான். என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

மிர்த்தோ வோலோஸில் படித்தவள். நான்கு வருடமும் மாலை ஏழு மணிப் பேருந்தில் வீடு திரும்பினாள். தோழிகளின் அறையில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அதை அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள், சிரித்துக்கொண்டே.

இவளும் போய்விட்டால் எட்டு மணிக்குக் கதவைத் தட்ட ஆள் இல்லை. அதுவும் அவனுக்குத் தெரியும்.

“சொன்னா. ரெதிம்னோவ முதல்ல போடச் சொன்னா.”

தாஃப்னி மூக்கைத் துடைத்துக்கொண்டு ரெதிம்னோ வரியை மேலே இழுத்தாள். கப்பலில் ஏறினாலே தனக்கு வாந்தி வரும் என்று அக்காவுக்குத் தெரியாதா என்றாள். இறுதிப் பொத்தானை அழுத்தினாள். இனி மாற்ற முடியாது.

அவள் போனதும் ஸ்டாதிஸ் கோப்பையைக் கழுவினான்.

மிர்த்தோ இறந்த அன்று காலை அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அவள் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கடையிலிருந்து வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். தங்கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவன் கிளம்பும்போது சொன்னது இவ்வளவுதான்:

“நீல மூடி பாத்து வாங்கிட்டு வா. போன தடவ மாதிரி பச்சை வேண்டாம், தண்ணியா இருக்கு.”