கை பட்ட குண்டு

"கட்டுரைல என் பேரு முதல்ல வரணும், சார்."

லீவு கேள், உதவித்தொகை கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே சீனியர் அண்ணன் ஆய்வு மாணவியான அவள் காதைக் கடித்திருந்தான். கேட்டுவிட்டாள்.

பேராசிரியர் டையைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். "முதல்லயா? கடைசியிலயே நீ இல்லையேம்மா. நன்றி சொல்ற இடத்துல ஒரு வரி போட்டிருக்கேன்."

"கண்டுபிடிச்சது நான்."

"நீயா? உன் தலை எண்ணெய். வேணும்னா அந்த எண்ணெய்ப் பாட்டிலுக்கு முதல் பேரைக் குடுத்துடலாம்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

விஷயம் இதுதான். தண்ணீர்த் தொட்டியில் போடுவது ஒரே இரும்புக் குண்டு, ஒரே உயரத்திலிருந்து. ஒரு நாள் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போகும். மறுநாள் காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கி, முகத்தில் அறைகிற மாதிரித் தெறிக்கும். ஏனென்று ஆய்வகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, குண்டு கழுவுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. கழுவிக் கழுவித்தான் பிடிபட்டது: கை பட்டால் பிசுக்கு ஒட்டும்; பிசுக்கு இருக்கிற இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலகும்; விலகுகிற தண்ணீர்தான் தெறிக்கிறது. எவர் கையானாலும் சரி என்று கட்டுரையில் தெளிவாக எழுதியிருந்தாள். ஆனால் வீட்டில் முதல் பட்டம் வாங்கிய மகளை அம்மா தலைக்கு எண்ணெய் வைக்காமல் அனுப்பமாட்டாள். அந்த எண்ணெய்தான் காரணம் என்று பேராசிரியர் பிடித்துக்கொண்டார். மற்றது அவர் மண்டையில் ஏறவில்லை.

சற்று நேரத்தில் ஆய்வுக்கு நிதி கொடுக்கிறவர்கள் வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"கிட்ட வந்தே பாருங்க. ஒரு சொட்டு தெறிக்காது," என்றார் பேராசிரியர்.

கழுவி உலர்த்திய குண்டை அவள் இடுக்கியால் நீட்டினாள்.

"இடுக்கியெல்லாம் உன் கைக்கும்மா. என் கை சுத்தம்." வெறும் விரல்களால் எடுத்து, விருந்தாளிகளுக்குக் காட்ட உள்ளங்கையில் நன்றாக உருட்டினார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ருசியாகத்தான் இருந்தது.

குண்டு விழுந்தது. விருந்தாளிகளில் குனிந்து பார்த்த ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடி, மீசை, சட்டை எல்லாம் தண்ணீர். அண்ணன் சிரிக்கவில்லை.

"நீ கை வச்சியா?" பேராசிரியர் பல்லைக் கடித்தார்.

"வச்சது நீங்க, சார். எல்லாரும் பாத்தாங்க. உங்க கையிலயும் பிசுக்குதான்."

பெரியவரிடம் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற? இனிமே உன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு யாரு கையெழுத்துப் போடுவா?"

கட்டுரையைத் தன் பேரில் மட்டும் அனுப்புவதென்று, அந்தக் குண்டு அவர் உள்ளங்கையில் உருண்டபோதே முடிவாகிவிட்டது. நன்றி சொல்கிற இடத்தைக் காலியாக விடுவாள். ஈரத் தரையை மிதித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.