லார்க்ஸ்பர் உதிரும் அறை

புதன்கிழமை காலையும் தரை நீலமாகத்தான் இருந்தது.

குளிர் அறையின் விளக்கைப் போட்டேன். நேற்று வாளிகளில் நிறுத்திய நீல லார்க்ஸ்பர் பூத்தண்டுகள் நிமிர்ந்தே நின்றன. இலை வாடவில்லை, தண்ணீர் கலங்கவில்லை. பூக்கள் மட்டும் கீழே கொட்டிக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விறைப்பாக, குளிர்ச்சியாக, அப்போதுதான் மலர்ந்தது போல இருந்தது. நல்ல பூவை யாரோ ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்ட மாதிரி. செவ்வாய்க்கிழமை காலையும் இதே கதைதான்.

என் அக்கா மெரின் ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். பெட்டியின் மேல் நம் நிலத்து லார்க்ஸ்பர் மட்டும் இருக்க வேண்டும், வேறு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். ஹியூவான் ஆற்றங்கரையில் இருபது வருடம் இரண்டு பேருமாகப் பூ வளர்த்து, சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே விற்றோம். விமானத்தில் வரும் ரோஜா அவளுக்கு ஆகவே ஆகாது. இங்கே வேர்விட்டுவிடக் கூடாது என்று அந்தத் தண்டுகளைக் களைக்கொல்லியில் முக்கி அனுப்புவார்கள். "பொணத்துக்கு விமான டிக்கெட் எடுத்திருக்காங்க" என்பாள்.

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் பெர்னிஸ் எட்டு மணிக்கே போன் செய்தாள்.

"ரோவீனா, பூ என்னாச்சு?"

"தண்டு வாளியில இருக்கு. பூ தரையில இருக்கு."

"ஹோபார்ட் டவுன்ல வெள்ளை ரோஜா ரெண்டு டஜன் சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரின்னு சொல்லு, போதும். ஒரு இதழ் விழாது."

"எப்படி விழும்? விழறதுக்கு அதுல உசிரு வேணும்ல."

"அப்படியே அவ பேசற மாதிரி பேசற." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா பெட்டியை வெறுமனே விட முடியாதுப்பா."

லார்க்ஸ்பர் உதிர்வதற்கு ஒரு முறை உண்டு. பூவின் வேலை தேனீயை வரவழைப்பது. தேனீ வந்து போனதும் பூ ஒரு வாயுவைத் தானே உண்டாக்குகிறது. இதழின் அடியில் மெல்லிய அடுக்காகச் சில செல்கள் இருக்கின்றன. வாயு பட்டதும் அவை பிடியைத் தளர்த்துகின்றன. அதனால் உதிர்ந்த இதழ் புதிதாகவே இருக்கும். அது சாகவில்லை, விடுவிக்கப்பட்டிருக்கிறது.

இது தெரிந்ததால் முதலில் தேனீயைச் சந்தேகித்தேன். திங்கட்கிழமை வெட்டியதெல்லாம் உதிர்ந்ததும், மீதி வரிசையில் மொட்டுகள் விரியும் முன்பே மெல்லிய துணியைப் போர்த்திவிட்டேன். செவ்வாய் மாலை அதற்குள்ளிருந்து வெட்டினேன். வண்டிப் புகையிலும் அந்த வாயு உண்டு. அக்காவின் கணவர் க்ளைவின் பிக்கப் வண்டியை அறைக்கதவுக்கு எதிரிலிருந்து நகர்த்தச் சொன்னேன். வாளிகளைப் பிளீச் போட்டு இரண்டு முறை கழுவினேன். அப்படியும் காலையில் தரை நீலம்.

அக்டோபரிலும் இப்படித்தான் ஸ்வீட் பீ பூ உதிர்ந்தது. என் கைராசி சரியில்லை போல என்று மெரினிடம் சொன்னேன். படுக்கையிலிருந்தே, "கைராசியாவது மண்ணாவது. போய் வாளியைக் கழுவு" என்றாள். கழுவிக்கொண்டுதான் இருந்தேன். அவள் நம்பவில்லை.

இனி வரிசையில் ஒரு வெட்டுக்குத்தான் பூ இருந்தது. வியாழக்கிழமை புயல்காற்று என்று வானிலை அறிக்கை சொன்னது. லார்க்ஸ்பர் அதற்கு நிற்காது. புதன் மாலை வெட்டி வெள்ளி வரை வைத்தாக வேண்டும். வீட்டில் விறகு அடுப்பின் சூடு. அங்கே வைத்தால் பூ அவசரமாக முற்றிவிடும். இந்த அறையை விட்டால் வழியில்லை.

கை கழுவச் சலவை அறைக்குப் போனேன். தொட்டியோரம் ஜாம் பாட்டிலில் நான்கு கோணல் தண்டுகள். கட்டுக்கு உதவாது என்று நேற்று நானே செருகியவை. ஒரு பூ உதிரவில்லை.

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அதே வரிசை. அதே கத்தி. அதே குழாய்த் தண்ணீர். வாளியில்கூடக் குற்றமில்லை, அங்கிருந்துதான் இவற்றை எடுத்தேன். மாறியது ஒன்றே ஒன்று, அறை.

அது க்ளைவின் அப்பா கட்டிய பழைய ஆப்பிள் கிடங்கு. சுவருக்குள் மரத்தூள் நிரப்பியது. அறுபது வருட ஆப்பிள் வாசனை பலகையிலேயே ஊறியிருப்பதால் யார் மூக்கும் அதைக் கண்டுகொள்வதில்லை. பழமும் அந்த வாயுவை விடும். அதனால் பூ இருக்கும் அறையில் பழம் கூடாது என்பது மெரினின் சட்டம். பழமே இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வாளி அடுக்குகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். கடைசி மூலையில் ஈரச்சாக்கு போர்த்திய ஒரு மரப்பெட்டி.

டீக்கோப்பையோடு க்ளைவ் வாசலில் வந்து நின்றார்.

"க்ளைவ், என்ன இது?"

"ஸ்டர்மர் ஆப்பிள்."

"ஆப்பிள்னு தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். "மே மாசம் அவ பறிச்சது. ஏணி ஏற முடியல. கீழ்க்கிளையில எட்டினதை மட்டும் பறிச்சா. ஒரு பெட்டிதான் தேறுச்சு."

"ஒண்ணுகூடத் தின்னலையா?"

"தின்னா தீந்துடும்ல."

எதற்கும் விளக்கம் சொல்லிப் பழகியவள் நான். அன்றும் சொன்னேன். குளிரில் ஆப்பிள் மெதுவாக மூச்சுவிடும், நிறுத்தாது என்றேன். அடியில் கைவிட்டதும் விரல் புதைந்தது, மூன்று அழுகியிருந்தன. அழுகினால் வாயு இன்னும் அதிகம்.

"அப்போ அவ ஆப்பிள்தான் அவ பூவைக் கொட்ட வெச்சதுங்கற."

"ஆமா."

"தெரிஞ்சிருந்தா என் காதை அறுத்திருப்பா."

"ரெண்டையும்."

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

"வீட்டுக்குள்ள வெச்சா அந்தச் சூட்டுல ஒரு வாரம்கூடத் தாங்காது" என்றேன்.

"தெரியும் ரோவீனா." கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். பிடிக்கப் போனேன், விடவில்லை. தானே பெட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மாலை கடைசி வரிசையை வெட்டி அந்த அறைக்குள்ளேயே வைத்தேன்.

வியாழக்கிழமை காலை காற்று தகரக்கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் எதுவும் நிற்கவில்லை. குளிர் அறையில் விளக்கைப் போட்டேன். வெறும் சாம்பல் நிறச் சிமெண்ட் தரை. பெர்னிஸுக்குப் போன் செய்து ரோஜா வேண்டாம் என்றேன். பிறகு வாளி கழுவும் தொட்டியோரம் உட்கார்ந்து, அவளிடம் இனிச் சொல்ல முடியாததை எண்ணிக்கொண்டிருந்தேன். வாளியில் தப்பில்லை, அக்கா.

செய்தது இவ்வளவுதான்: ஆப்பிள் பெட்டியை வெளியே எடுத்தோம், கதவையும் பின்பக்கத் திறப்பையும் இரண்டு மணி நேரம் திறந்து வைத்துக் காற்றோட விட்டோம், அதன் பிறகு பூவை உள்ளே வைத்தோம்.